பாலக்கரையிலிருந்து பத்து வார்த்தை

"யாரு, கம்பாசிட்டர் மாணிக்கவேலுவா? அவர் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆச்சுங்களேம்மா."

வெற்றிலைக் கடைக்காரர் இதைச் சொல்லிவிட்டு ஈரத் துணியை உதறி வெற்றிலைக் கட்டின் மேல் போட்டார். என் கைப்பையில் மாணிக்கவேலு எழுதிய கார்டு இருந்தது. முந்தின நாள்தான் தபாலில் வந்தது.

நல்ல உச்சி வெயில். அக்கினி நட்சத்திரம். பாலக்கரையின் அந்தச் சந்தில் ஒரு நாய்கூட இல்லை. எனக்கு மட்டும் முதுகுத்தண்டில் யாரோ பானைத் தண்ணீரை ஊற்றின மாதிரி இருந்தது.

"நல்லாத் தெரியுமா உங்களுக்கு?" என்றேன். கேள்வியைப் பாருங்கள்!

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? மஞ்சக்காமாலை. பாடைக்குப் பச்சை மூங்கில் வாங்கியாந்ததே நான்தான்."

"அவர் பேருக்கு லெட்டர் வருதே?"

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அதை ஏம்மா கேக்கறீங்க. வாரா வாரம் தபால்காரர் சவரிமுத்து வந்து வாசல்ல நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிடுறார். உசிரோட இருக்கிற ஆளைக் கூப்பிடுற மாதிரி. தெருவே கம்முனு ஆயிடும். அப்புறம் கதவு பாதி திறக்கும். ஒரு கை வெளிய வரும். கார்டை வாங்கிட்டு உள்ள போயிடும்."

"யார் கை?"

"யாரு பார்த்தா? நான் அந்த நேரம் பார்த்து பாக்குத் தட்டைப் பார்த்துக்கிட்டிருப்பேன்."

கார்டு வந்த கதை

போன வாரம் இதே பத்தியில், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் வேலைக்குச் சேர்ந்த கூத்தை எழுதியிருந்தேன். அந்த நாளில்தான் இந்தப் பைத்தியமும் பிடித்தது.

ஐம்பதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். திருச்சி, ஸ்ரீரங்கம் பூராவும் இங்கிலீஷ் வார்த்தைப் போட்டி ஜுரம் அடித்துக்கொண்டிருந்தது. கட்டத்தை நிரப்பு, எழுத்தை மாற்று, வார்த்தையைக் கண்டுபிடி என்று பத்திரிகைக்குப் பத்திரிகை கூப்பன் போட்டார்கள். கீழச் சித்திரை வீதியில் எங்கள் எதிராத்து ராகவாச்சாரி மாமா கூப்பனைத் தாயார் சன்னிதிக்குக் கொண்டுபோய், அர்ச்சனைத் தட்டில் தேங்காய்க்கு அடியில் சொருகி வைத்து எடுத்து வருவார். தாயாருக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று நான் ஒரு நாள் கேட்டுவிட்டேன். மாமா எங்கள் அகத்துப் படி ஏறுவதையே நிறுத்திவிட்டார்.

எனக்குக் கூப்பனில் ஆசை இல்லை. ஆட்டத்தில்தான் ஆசை. ஒரு வாரப் பத்திரிகையில் மூலையில் நாலு வரி வந்திருந்தது: தபாலில் வார்த்தை விளையாட்டு ஆட ஆள் தேவை, பி. மாணிக்கவேலு, கம்பாசிட்டர், பாலக்கரை. அச்சாபீஸில் எழுத்துக் கோக்கிறவர். நான் ஒரு கார்டு போட்டேன். கீழே வி.ஆர். என்று இரண்டு எழுத்து மட்டும். வேதவல்லி என்று முழுசாகப் போட்டால் என் அண்ணா என்னைக் காவிரியில் தள்ளியிருப்பான். பதில் 'மிஸ்டர் வி.ஆர். அவர்களுக்கு' என்று வந்தது. நானும் திருத்தப் போகவில்லை.

ஆட்டம் ரொம்ப சுளுவு. நான் மூன்று இங்கிலீஷ் எழுத்துக் கொடுப்பேன். அந்த மூன்றும் எங்கேயாவது ஒளிந்திருக்கிற மாதிரி அவர் பத்து வார்த்தை எழுத வேண்டும். ஐந்து எழுத்துக்குக் குறையக் கூடாது. ஊர்ப் பெயர், ஆள் பெயர் செல்லாது. கார்டின் அடியில் அவர் எனக்கு மூன்று எழுத்துக் கொடுப்பார். வாரத்துக்கு ஒரு கார்டு போகும், ஒரு கார்டு வரும்.

பி, கே, டி என்று கொடுத்தால் பாஸ்கெட், பக்கெட், பிளாங்கெட் என்று யாரும் அடுக்கிவிடலாம். எக்ஸ், வி, சி என்று வந்தால்தான் முழி பிதுங்கும். பஸ்ஸில் போகும்போது கடை போர்டு ஒன்றைக் கூட விடமாட்டேன். எக்ஸ்சேஞ்சில் ஒரு கை பிளக்கைச் சொருகும், இன்னொரு கை பென்சிலைத் தேடும். ஒரு தடவை வெளியூர் டிரங்க் காலில் 'கான்வெக்ஸ்!' என்று கத்திவிட்டேன். மறுமுனையில் ஒரு மண்டி முதலாளி, "அது எந்த ஊரும்மா?" என்றார்.

மாணிக்கவேலு கெட்டிக்காரர். பத்தும் எழுதிவிட்டு அடியில் தமிழில் ஒரு வரி சீண்டுவார். 'இந்த வாரம் மிஸ்டர் வி.ஆர். தூங்கமாட்டார்.' 'அகராதியைப் பார்த்தால் சாமி கண்ணைக் குத்தும்.' அந்த ஒரு வரிக்காகவே நான் தபாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை இந்த வயதில் சொல்வதற்கு எனக்கென்ன வெட்கம்?

சீண்டல் நின்றது

ஒரு வருஷம் இப்படி ஓடியது. அப்புறம் மூன்று வாரம் கார்டே இல்லை. நாலாவது வாரம் வந்தது. பத்து வார்த்தை இருந்தது, எனக்கு மூன்று எழுத்து இருந்தது. தமிழ் வரி மட்டும் இல்லை.

சரி, மனுஷனுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த வாரமும் இல்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. 'சௌக்கியமா?' என்று எழுதினேன். பதிலில் பத்து வார்த்தை. 'என் மேல் கோபமா?' என்று கேட்டேன். பத்து வார்த்தை. கையெழுத்து அவருடையதுதான், ஆனால் எழுதின மாதிரி இல்லை. கோலம் போடுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தும் நிதானமாக வரைந்திருந்தது.

எனக்குக் கோபம் வந்தது, வருத்தமும்தான். ஒரு வரியில் என்ன குறைந்துவிடும்? அடம் பிடித்துக்கொண்டு நானும் வெறும் எழுத்துகளையே அனுப்பினேன். நீ பேசாவிட்டால் நானும் பேசமாட்டேன் என்று, தபாலில் ஒரு வருஷத்துக்கு மேல் காய் விட்டுக்கொண்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று அம்மா சொல்வது பொய்யில்லை.

அப்புறம்தான் ஒன்று கவனித்தேன். அவர் எனக்குக் கொடுத்த எழுத்துகள் எல்லாம் பழையவை. பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்த கார்டுகளைக் கொட்டிப் பார்த்தேன். முதல் வருஷம் முதல் வாரம் கொடுத்தது, இரண்டாம் வாரம் கொடுத்தது என்று அதே வரிசையில் மறுபடி வந்துகொண்டிருந்தன.

ஒரு வாரம் இரட்டை ஷிப்ட். அலுப்பில் நானும் ஒரு பழைய மூன்றையே எழுதிப் போட்டுவிட்டேன்: வி, எல், ஒய். பதில் வந்தது. அதே எழுத்துக்கு அவர் முன்னே அனுப்பின கார்டைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். வேல்லி, லவ்லி, லைவ்லி என்று அதே பத்து, அதே வரிசையில். அதைக்கூட விட்டுவிடலாம். பழைய கார்டில் ஏழாவது வார்த்தையாக என்வலப் என்று எழுதி, அதில் ஒய் இல்லை என்று பாதியில் உறைத்து, இரண்டு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் ஸ்லேவரி என்று எழுதியிருந்தார். புதுக் கார்டிலும் ஏழாவது இடத்தில் என்வலப். அதே இரண்டு கோடு. பக்கத்தில் ஸ்லேவரி.

ஒரே ஆள் ஒரே வார்த்தையை இரண்டு தடவை எழுதலாம். ஒரே தப்பை, ஒரே இடத்தில், ஒரே மாதிரி அடித்துத் திருத்துவானா?

மன்னியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் இரண்டு கார்டையும் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வேதா, இதைத் தூக்கி அடுப்பில் போடு. ஆஞ்சநேயர் சன்னிதிக்குப் போய்ட்டு வா" என்றாள்.

நான் பாலக்கரைக்குப் போனேன்.

அம்மாவும் ரேஷன் ஆபீஸும்

கடைவாசலில் நிற்கிற என்னை ஒரு நிமிஷம் அப்படியே நிற்கவிட்டு, என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரணம் இருக்கிறது.

அப்பா பெயர் ரங்கராஜன். அம்மா அந்தப் பெயரை வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. ஆத்துக்காரர் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அவளுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். அதனால் பெருமாள் பெயரும் போயிற்று. ஊரெல்லாம் ரங்கா ரங்கா என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும், அம்மா மட்டும் 'நம்பெருமாளே' என்பாள்.

ரேஷன் கார்டு எழுதுகிற குமாஸ்தா ஒரு நாள், "உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று கேட்டுவிட்டார். அம்மா கோபுரம் இருக்கிற திக்கைக் கையால் காட்டினாள். குமாஸ்தா வெளியூர். "கோபுரம்னு எழுதவா?" என்றார். அம்மா என் விலாவில் இடித்த இடி இன்னும் வலிக்கிறது. நான்தான் சொன்னேன்.

அப்பா போன பிறகாவது சொன்னாளா என்றால், அதுவும் இல்லை. குறைய ஆயுசு இல்லை, ஆனாலும் சொல்லவில்லை. எங்கள் பக்கம் மட்டும் என்று நினைக்காதீர்கள். பாலக்கரையில் எல்லா ஜாதியிலும், எல்லா மதத்திலும் இதே கதைதான்.

பாதி திறந்த கதவு

கடைக்காரர் வீட்டைக் காட்டினார். கூட வரவில்லை. "நான் இங்கேயே நிக்கறேன்ம்மா, எதுனா ஒண்ணுன்னா கூப்பிடுங்க" என்றார். அது தைரியம் சொன்னதா, பயமுறுத்தினதா என்று இன்றுவரை தெரியவில்லை.

கதவைத் தட்டினேன். கடைக்காரர் சொன்ன மாதிரியே பாதி திறந்தது. ஒரு கை வெளியே வந்தது. வளையல் இல்லாத கை, விரல் நுனியெல்லாம் நீல மசி. பையிலிருந்த கார்டை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். வேறென்ன செய்வது என்று தோன்றவில்லை.

கை உள்ளே போயிற்று. சற்றுப் பொறுத்து முழுக்கதவும் திறந்தது. வெள்ளைப் புடவை கட்டிய ஒரு பெண். என்னை விட நாலைந்து வயது சின்னவளாக இருக்கலாம். கார்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இது நான் போட்ட கார்டாச்சே. நீங்கதான் வி.ஆரா?" என்றாள். "ஆம்பளைன்னு இல்ல நெனச்சிட்டிருந்தேன்!"

"நீங்க?"

"நான் அவங்க சம்சாரம். அஞ்சலை."

ஒற்றை அறை. உள்ளே கயிற்றுக் கட்டிலில் அவளுடைய மாமனார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஜன்னலோரம் ஒரு முக்காலி. அதற்கு எதிரே சாய்வான பலகையில் இரண்டு நோட்டு, மசிக்கூடு, ஒரு கட்டு கார்பன் காகிதம்.

"எழுதினது யாரு?" என்றேன்.

"நான்தாங்க."

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"தமிழே எழுதப் படிக்கத் தெரியாதுங்க."

அவள் நோட்டுகளை எடுத்துக் காட்டினாள். ஒன்றில் மாணிக்கவேலு எனக்கு எழுதின எல்லாக் கார்டின் கார்பன் நகல். கார்டுக்கு அடியில் கார்பன் வைத்துத்தான் எழுதுவாராம். அடித்தல் திருத்தல் எல்லாம் அப்படியே பதிந்திருந்தது, என் விலாசம் உள்பட. இன்னொரு நோட்டில் வார்த்தைப் பட்டியல். அச்சாபீஸில் எழுத்துகளைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் போட்டு வைப்பார்கள் இல்லையா, அதே மாதிரி பக்கத்துக்கு ஓர் எழுத்து. எக்ஸ் வருகிற வார்த்தைகள் ஒரு பக்கம், வி வருகிற வார்த்தைகள் ஒரு பக்கம். மூன்று எழுத்தில் எது அபூர்வமோ அதன் பக்கத்தைத் திறந்து, மற்ற இரண்டும் எந்த வார்த்தையில் இருக்கிறது என்று தேடிக்கொண்டால் போதும்.

"உங்க கார்டுல மூணு உருவம் இருக்கும். முதல்ல கார்பன்ல, தலைப்புல அதே மூணு இருக்கான்னு பாப்பேன். இருந்தா கோடு, அடிச்சது, எல்லாத்தையும் பார்த்து வரைஞ்சிடுவேன். அடியில இருக்கற தமிழ் வரியை மட்டும் விட்டுடுவேன், என்ன சொல்லியிருக்காங்கன்னு தெரியாம எப்படிங்க அனுப்பறது? இல்லேன்னா இந்த நோட்டுல தேடுவேன். ஒரு கார்டு முடிக்க நாலு நாள் ஆவுங்க. தப்பா இருந்திச்சா?"

தப்பே இல்லை. நான்தான் செத்தவரோடு காய் விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஏன் இப்படிப் பண்ணினீங்க? அவர் போயிட்டார்னு யாரையாவது விட்டு ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாமே?" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். பயந்தவர்களுக்குக் கோபம் சீக்கிரம் வரும்.

அவள் நோட்டுகளை மூடிப் பலகையில் வைத்தாள். அப்புறம் சொன்னாள்.

"எழுதியிருந்தா நீங்க நிறுத்தியிருப்பீங்க. அவங்க பேரை இப்ப யாருங்க சொல்றா? நான் சொல்லக் கூடாது. மாமா, மகன் பேரைச் சொன்னா நெஞ்சு வெடிச்சிடும்னு சொல்றதில்ல. பிள்ளை குட்டி இல்ல. தெருவுல 'அந்தக் காமாலையில போனவரு'ங்கறாங்க. சவரிமுத்து அண்ணன் ஒருத்தர்தான் வாரத்துக்கு ஒரு தடவை வாசல்ல நின்னு முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிடுறார். கார்டை உள்ள போட்டுட்டுப் போயிடாதீங்க, முன்ன மாதிரியே கூப்பிட்டுக் குடுங்கண்ணேன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்."

முக்காலியைக் கையால் தொட்டாள்.

"கூப்பிட்டதும் இதைக் கிறீச்சுன்னு பின்னால தள்ளிட்டுத்தான் எழுந்திருப்பாங்க. அந்தச் சத்தம் எனக்குப் புடிக்காது, பல்லு கூசும். திட்டுவேன். இப்ப சவரிமுத்து அண்ணன் கூப்பிட்டதும், அந்தச் சத்தம் வருதான்னு ஒரு நிமிஷம் நிப்பேன். அப்புறம்தான் கதவைத் திறப்பேன்."

ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறி வந்திருந்தேன். நிறுத்தினால் அந்தப் பெயர் இந்த உலகத்தில் யார் வாயிலும் இல்லாமல் போய்விடும். "அடுத்த வாரம் கார்டு வரும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சிவப்பு மசி

அதற்குப் பிறகு நான் புது எழுத்துக் கொடுக்கவில்லை. அவளுக்கு நாலு நாள் கஷ்டம் வேண்டாம் என்று, பிஸ்கட் டின்னைப் பார்த்துப் பழைய மூன்றையே வரிசையாக அனுப்பினேன். அவருடைய பழைய கார்டுகள் ஒவ்வொன்றாக எனக்கு மறுபடி வந்தன. எல்லாம் தெரிந்தும் ஒவ்வொரு தடவை கார்டைத் தொடும்போதும் மயிர்க்கூச்செறியும். பகல் வேளையில், எங்கள் ஆத்துப் பட்டாசாலையில், நாலு பேர் நடுவில்தான் படிப்பேன்.

ஏறக்குறைய ஒரு வருஷம் ஆயிற்று. ஒரு நாள் நான் போட்ட கார்டே எனக்குத் திரும்பி வந்தது. மாணிக்கவேலு என்று நான் இங்கிலீஷில் எழுதியிருந்த பெயரின் குறுக்கே சிவப்பு மசியில் ஒரு கோடு. பக்கத்தில் 'விலாசதார் காலமானார்'. சவரிமுத்து ரிடையர் ஆகிவிட்டார் போலிருக்கிறது. புதுத் தபால்காரர் தெருவில் விசாரித்திருக்கிறார். அவர் மேல் என்ன தப்பு? அவர் தன் வேலையைச் செய்தார்.

ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னவோ அவர் இப்போதுதான், அந்தச் சிவப்புக் கோட்டில்தான் செத்த மாதிரி இருந்தது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

மறுபடியும் அதே உச்சி வெயில், அதே சந்து. கதவு சாத்தியிருந்தது. தட்டவில்லை. வாசலுக்கு நேரே நின்று, வெட்கத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, தபால்காரர் குரலில் கத்தினேன்.

"மாணிக்கவேலு சார்... போஸ்ட்!"

கடைக்காரர் கையிலிருந்த வெற்றிலை கீழே விழுந்தது. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று சாத்திக்கொண்டது.

வீட்டுக்குள்ளே முக்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. கிறீச்சென்று, பல் கூசுகிற சத்தம். அஞ்சலை எழுந்து வருகிறாள் என்று காத்திருந்தேன். கதவு திறக்கவில்லை.

"அக்கா!"

குரல் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. தெருக்குழாயிலிருந்து நிறைகுடத்தோடு அஞ்சலை நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ள யாரு?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"யாருமில்லீங்களே. மாமாவை நாத்தனார் வந்து மருங்காபுரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பத்து நாள் ஆச்சு."

கேட்ட சத்தத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. கார்டை நீட்டினேன். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். தமிழ் படிக்கத் தெரியாதென்றாலும், கோடு போட்டு அடித்தால் என்ன அர்த்தம் என்று இத்தனை கார்டு வரைந்தவளுக்குத் தெரியாதா?

"இனிமே கூப்பிட மாட்டாங்களா?" என்றாள்.

நான் குடத்தை வாசல்படி ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

அவள் கோட்டுக்கு அடியில் மசிக்கறை படிந்த விரலை வைத்தாள். பக்கத்து வீட்டு ஸ்கூல் பெண்ணிடம் கேட்டு இங்கிலீஷ் எழுத்துகளின் பெயரைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எம், ஏ, என் என்று ஒவ்வொன்றாக நகர்த்தி, கடைசி எழுத்து வரை போய், திரும்ப முதலுக்கு வந்தாள். அப்புறம் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"மாணிக்கவேலு."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"நான் சொல்லலீங்கக்கா. கார்டுல இருக்கறதைத்தானே படிச்சேன்?"

"ஆமாம், படிச்சதுதான்" என்றேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

அவள் சாவியைப் போட்டுக் கதவை அகலத் திறந்தாள். முக்காலி பலகையை விட்டுப் பின்னால் சுவரோரம் தள்ளிக் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. கார்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, ஆள் இல்லாத அந்த அறையைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"கேட்டுச்சாங்க?"